கணிப்பொறிக்குக் காய்ச்சலா? – வெப்பநிலை காட்டும் மென்பொருள்கள் பற்றி ஒரு மதிப்பீடு

நோயாளியின் உடல் வெப்பத்தை அளக்கும் மருத்துவர் வெப்பமானியை நாக்கின் அடியிலோ அக்குளிலோ வைக்கிறார். இரண்டு இடங்களிலும் ஒரே எண் வருவதில்லை. அக்குளில் சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே எண்ணைக் கேட்பவர் அது எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் கேட்பது முறை. கணிப்பொறியின் வெப்பநிலையைத் திரையில் காட்டும் மென்பொருள்கள் இந்த எளிய முறையைக்கூடப் பல வேளைகளில் பின்பற்றுவதில்லை. என் குறைகளில் முதலாவது இதுதான்.

இத்தகைய மென்பொருள்கள் இன்று ஏராளம். மார்ட்டின் மாலிக் உருவாக்கிய எச்.டபிள்யூ.இன்ஃபோ, ஃபிரெஞ்சு நிறுவனமொன்றின் எச்.டபிள்யூ.மானிட்டர், ஆர்தர் லிபர்மனின் கோர் டெம்ப், இத்தாலியரான அல்ஃப்ரெடோ மிலானி கொம்பரெட்டியின் ஸ்பீட்ஃபேன், லினக்ஸ் கணிப்பொறிகளில் இயங்கும் எல்.எம்.சென்சார்ஸ் ஆகியவை பலரும் அறிந்தவை. பெரும்பாலும் காசு கொடாமலே இவற்றைப் பெறலாம். ஆகவே மாணவர்களிடையே இவை வேகமாகப் பரவியுள்ளன. பரவியது நல்லதே. ஆனால் இவை காட்டும் எண்களை எப்படிப் படிப்பது என்ற அறிவு அதே வேகத்தில் பரவவில்லை.

போடிநாயக்கனூரில் பங்குனி, சித்திரை மாத வெயில் எத்தகையது என்பதை இவ்வூராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலையேறிப் போடிமெட்டை அடைந்தால் அதே நாளில் குளிர்ந்த காற்று வீசும். இந்த இரண்டு தட்பவெப்பங்களிலும் கணிப்பொறிகள் இயங்குகின்றன. ஏலக்காய்க்கு விலை கூறுவதும் இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல நிலையத்தில் கணிப்பொறித் திரை வழியாகவே நடைபெறுகிறது. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே இப்பகுதியில் பல எளிய குடும்பங்களுக்கு முதல் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அது பழுதானால் இன்னொன்று வாங்குவது எளிதன்று. ஆகவே திரையில் சிவப்பாக ஓர் எண் தெரிந்தால் வீட்டில் கவலை பிறக்கிறது.

எங்கள் மாணவர் ஒருவரின் கணிப்பொறியில் அப்படித்தான் நேர்ந்தது. பழுது பார்க்கும் கடையில் ஒரு மென்பொருளை ஓட்டிக் காட்டினார்கள். வரிசையாகப் பல வெப்பநிலைகள். அவற்றுள் ஒன்று 127° செ. “உள்ளே கொதிக்கிறது, தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும்” என்று சொல்லி ஒரு தொகையும் கேட்டார்கள். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. கடைக்காரர் ஏமாற்ற எண்ணினார் என்று நான் கூறமாட்டேன். திரையில் இருந்ததைத்தான் அவர் படித்தார். திரை சொன்னதுதான் பொய்.

127 என்ற எண்ணைச் சற்று உற்றுப் பார்ப்போம். இரண்டை ஏழு முறை தன்னால் பெருக்கினால் 128. அதில் ஒன்று குறைந்தால் 127. குறியுடன் கூடிய எட்டு இருமை இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் அதுவே. வெப்பநிலையை எட்டு இலக்கங்களில் தரும் ஒரு சில்லு, தன் கால்களில் ஒன்றில் எந்த உணர்வியும் இணைக்கப்படாமல் வெறுமையாக இருந்தால், தன்னால் சொல்லக்கூடிய கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கிறது. அதாவது 127 என்பது வெப்பநிலை அன்று. “இங்கே ஒன்றும் இல்லை” என்பதற்கு அந்தச் சில்லின் மொழி அது! சில பலகைகளில் இதே வெறுமை −128 என்றோ, பூச்சியத்துக்குக் கீழே வேறோர் எண்ணாகவோ தோன்றும். சித்திரை மாதத்துப் போடியில் −60° காட்டும் பெட்டியைப் பார்த்து எவரும் சிரித்துவிட்டுப் போவார். 127ஐப் பார்த்தால் மட்டும் நம்பிவிடுகிறோம். அச்சமூட்டும் பொய் சிரிப்பூட்டும் பொய்யைவிட எளிதில் நம்பப்படுகிறது போலும்.

மாணவருக்கு நான் சொன்னது இது மட்டுமே: 127° உண்மையானால் பலகையின் அந்த இடத்தில் ஒரு சொட்டு நீர் நொடியில் ஆவியாக வேண்டும், பெட்டியைத் திறந்தால் கை வைக்க முடியாது. பெட்டியைத் திறந்தோம். தூசி நிறைய இருந்தது. சூடு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை.

உணர்வி என்பது யாது?

கணிப்பொறிக்குள் பாதரச வெப்பமானி இல்லை. மூன்று வகை உணர்விகள் உள்ளன. முதலாவது தெர்மிஸ்டர். வெப்பம் ஏறினால் இதன் மின்தடை குறையும். தாய்ப்பலகையின் மீது ஓர் அரிசி மணியினும் சிறிதாக ஒட்டப்பட்டிருக்கும் இது, தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே அறியும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

இரண்டாவது டயோடு. இதைப் பற்றி இயற்பியல் மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சிலிக்கான் டயோடில் நிலையான மின்னோட்டம் செல்லும்பொழுது அதன் முனைகளுக்கிடையே சுமார் 0.6 அல்லது 0.7 வோல்ட் மின்னழுத்தம் காணப்படும் என்று படித்திருக்கிறோம். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் இது ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. இதை வைத்தே வெப்பநிலையை அளந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு டயோடும் வார்ப்பில் சற்று வேறுபடுவதால் தொடக்க மின்னழுத்தம் ஒன்றுபோல் இருப்பதில்லை. பொறியியலார் இதற்கு அழகிய தந்திரம் ஒன்று கண்டனர். ஒரே டயோடில் முதலில் ஒரு மின்னோட்டத்தையும், பிறகு அதைப்போல் பத்து மடங்கையும் செலுத்துகின்றனர். இரண்டு மின்னழுத்தங்களின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக் கொள்கின்றனர். அப்பொழுது டயோடுக்கு டயோடு மாறும் அளவு அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது போல்ட்ஸ்மன் மாறிலி, எலக்ட்ரானின் மின்னூட்டம், பத்தின் இயல் மடக்கை, தனி வெப்பநிலை ஆகிய நான்கே. முதல் மூன்றும் மாறாதவை. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு கெல்வினுக்கு சுமார் 198 மைக்ரோவோல்ட் வருகிறது, 27° செ., அதாவது 300 கெல்வினில், 59.5 மில்லிவோல்ட்.

கல்லூரிப் பாடநூலில் டயோடு சமன்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டு, இது எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

ஆனால் ஒரு நுட்பம் உண்டு. உண்மையான டயோடு சமன்பாட்டுக்குச் சரியாக அடங்குவதில்லை. ஒன்றுக்கு மிக அருகிலுள்ள ஒரு திருத்தக் காரணியால் பெருக்க வேண்டியிருக்கிறது. அக்காரணி 1.008 என்று கொள்வோம். மென்பொருளோ சில்லோ அதை 1 என்று எடுத்துக்கொண்டால் பிழை 0.8 விழுக்காடுதானே என்று தோன்றும். அந்த விழுக்காடு செல்சியஸ் எண்ணின் மீது அன்று, தனி வெப்பநிலையின் மீது! செயலி 77° செ.இல் இருந்தால் தனி வெப்பநிலை 350 கெல்வின். அதில் 0.8 விழுக்காடு 2.8 டிகிரி. திரையில் 79.8 என்று தெரியும். தசமப் புள்ளிக்குப் பின் உள்ள அந்த 8ஐ நம்பி இரண்டு கணிப்பொறிகளை ஒப்பிடுவோரை என்னென்பது?

கீழ்நோக்கி எண்ணும் அளவுகோல்

மூன்றாவது வகை செயலியின் சிலிக்கானுக்குள்ளேயே அமைந்த இலக்க உணர்வி. இன்று நாம் செயலியின் வெப்பநிலை என்று காண்பது பெரும்பாலும் இதன் விடையே. இன்டெல் செயலிகளில் இது வெப்பநிலையைச் சொல்வதே இல்லை என்றால் வாசகர் வியப்படையலாம். அது சொல்வது, “என் உச்ச வரம்புக்கு இன்னும் இத்தனை டிகிரி இருக்கிறது” என்பதை மட்டுமே. வரம்பைத் தொட்டால் பூச்சியம். குளிரக் குளிர எண் பெரிதாகும்.

இது விந்தையான அளவுகோலாகத் தோன்றினாலும் புதியதன்று. ஆண்டர்ஸ் செல்சியஸ் என்ற சுவீடன் நாட்டு வானியலார் 1742இல் அமைத்த அளவுகோலில் நீர் கொதிக்கும் நிலை 0, உறையும் நிலை 100. அவர் காலத்துக்குப் பின்னரே அது தலைகீழாகத் திருப்பப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது. இன்டெல் பொறியாளர்கள் அறிந்தோ அறியாமலோ செல்சியஸின் மூல வழிக்கே திரும்பியிருக்கின்றனர்.

இதன் விளைவைப் பாருங்கள். உணர்வி 35 என்கிறது. செயலியின் வரம்பு 100° என்றால் வெப்பநிலை 65°. வரம்பு 85° என்றால் 50°. எனவே வரம்பு தெரியாமல் வெப்பநிலை தெரியாது. கோர் 2 என்ற செயலிகள் 2006இல் வெளிவந்தபொழுது மேசைக் கணிப்பொறிகளுக்கான இந்த வரம்பை இன்டெல் வெளியிடவில்லை. மென்பொருள் எழுதியவர்கள் ஊகித்தார்கள். ஒரே கணிப்பொறியில், ஒரே நொடியில், ஒரு மென்பொருள் காட்டியதற்கும் இன்னொன்று காட்டியதற்கும் பத்துப் பதினைந்து டிகிரி வேறுபாடு இருந்தது. எது சரி என்று பயனாளர்கள் வாதிட்டனர். உண்மையில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் உணர்வியிடமிருந்து வாங்கின. கழித்தது மட்டும் வேறு வேறு எண்ணிலிருந்து. 2008இல்தான் இன்டெல் அந்த வரம்புகளை வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த நெஹாலம் தலைமுறை முதல் வரம்பைச் செயலியிலேயே எழுதி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. பூசல் ஓய்ந்தது.

என் மதிப்பீட்டில் கோர் டெம்ப், எச்.டபிள்யூ.இன்ஃபோ ஆகிய இரண்டும் மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்பது இந்த இடத்தில்தான். கோர் டெம்ப் தான் எடுத்துக்கொண்ட வரம்பை முகப்பிலேயே எழுதிக் காட்டுகிறது. எச்.டபிள்யூ.இன்ஃபோ வரம்புக்கு உள்ள தொலைவைத் தனி வரியாகத் தருகிறது. அந்தத் தொலைவே உணர்வியின் நேரான வாக்குமூலம். மற்ற எண் கழித்தலின் பயன். மாணவர்கள் பார்க்க வேண்டியது தொலைவைத்தான். அது 10க்கு மேல் நிலையாக இருக்கும் மடிக்கணினியைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். வரம்பிலிருந்து மிகவும் விலகிய குளிர்ந்த நிலையில் இந்த உணர்விகள் பிழைபடுவது வழக்கம். சில பழைய செயலிகளில் எண் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு அசையவே அசையாது. ஆனால் காக்க வேண்டிய இடம் மேலே இருப்பதால் கீழே நேரும் பிழை கெடுதல் செய்வதில்லை.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் வழி வேறு. அதன் செயலிகள் வெளியிடும் கட்டுப்பாட்டு எண், உண்மை வெப்பநிலையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. விசிறியை எப்பொழுது வேகப்படுத்துவது என்று முடிவு செய்ய உதவும் ஓர் எண் அது. 2017இல் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகளை வாங்கியவர்கள் ஒன்றும் செய்யாதபொழுதே 50, 60 என்று கண்டு திடுக்கிட்டனர். காட்டிய எண்ணில் 20 டிகிரி வேண்டுமென்றே கூட்டப்பட்டிருக்கிறது என்று பின்னர் நிறுவனமே விளக்கியது. வெவ்வேறு செயலிகளுக்கு ஒரே விசிறி ஒழுங்கு பொருந்த வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடாம். அந்த ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால் கூட்டிய எண்ணுக்கு அருகிலும் “° செ.” என்று எழுதிக் காட்டியது தவறு. செல்சியஸ் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

ஏலக்காய் உலர்த்துவோர் இதை எளிதில் புரிந்துகொள்வர். பறித்த பச்சைக் காயை 50° செ. சுற்றுவட்டத்தில் பல மணி நேரம் உலர்த்துகின்றனர். சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் ஏலத்தில் விலை போகாது. சூட்டுக் குழாய்க்கு அருகே தொங்கும் வெப்பமானியும் மேல் தட்டில் உள்ள வெப்பமானியும் ஒன்றுபோல் காட்டுவதில்லை. அனுபவமுள்ளவர் எதைப் பார்த்தால் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்திருப்பார். ஆனால் யாரேனும் வந்து இரண்டு வெப்பமானிகளின் எண்களையும் ஒரே தாளில், “வெப்பம் 1, வெப்பம் 2” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை அவர் கிழித்து எறிவார். எச்.டபிள்யூ.மானிட்டர் பல பலகைகளில் தருவது அத்தகைய தாள்தான். சில்லுக் கால்களின் பெயர்களை அப்படியே எடுத்து வரிசையாக அடுக்குகிறது. எந்தக் காலில் எது இணைந்தது என்பது பலகை செய்தவருக்கே தெரியும். தெரியாததைத் தெரியாது என்று எழுதாமல் இடத்தை நிரப்புவதே இம்மென்பொருளின் குறை. தோற்றத்தில் இதுதான் எல்லாவற்றிலும் தெளிவானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெளிவான தோற்றத்தால் தீங்கு கூடுகிறது.

அளக்க மறுத்த மென்பொருள்

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு லினக்ஸில் உள்ளது. ஃபெனம் காலத்து ஏ.எம்.டி. செயலிகள் சிலவற்றில் உள் உணர்வி நம்பத்தக்கதன்று என்று அந்நிறுவனமே தன் பிழைத்திருத்தப் பட்டியலில் ஒப்புக்கொண்டது. லினக்ஸில் அச்செயலிகளின் வெப்பநிலையைப் படிக்கும் நிரல், இந்தப் பழுதான வகையைக் கண்டால் இயங்கவே மறுத்துவிடும். பயனாளர் கட்டாயப்படுத்தினால் மட்டுமே எண்ணைத் தரும். அளக்கும் கருவி ஒன்று “இந்த அளவை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது” என்று வாயை மூடிக்கொள்வதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்து மாணவர்கள், சுழி காட்ட வேண்டிய கால்வனாமீட்டர் மூன்று காட்டினாலும் பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள்.

எல்.எம்.சென்சார்ஸின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு காலுக்கும் பெயரிடலாம். வெறுமையான காலைப் புறக்கணிக்கச் சொல்லலாம். திருத்தக் கணக்கும் எழுதலாம். அந்தப் போலி 127ஐ ஒரே வரியில் ஒழித்துவிடலாம். ஆனால் கோப்பை எழுதும் முறை புதியவருக்குக் கடினம். எழுதாவிட்டால் இதுவும் மற்றவற்றைப் போலவே குப்பையையும் சேர்த்துக் கொட்டும். நல்ல கருவியை வல்லுநர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்தது போன்ற நிலை இது.

இந்த எல்.எம்.சென்சார்ஸிலேயே இன்னொரு வேடிக்கை. சில பலகைகளில் 27.8°, 29.8° என்று இரண்டு எண்கள் தெரியும். காலையிலும் 27.8, நண்பகலிலும் 27.8, செயலியைக் கடுமையாக உழைக்க வைத்தாலும் 27.8. காரணம் இது. பலகையின் அடிப்படை நிரல் வெப்பநிலையைக் கெல்வினில் பத்தில் ஒரு பங்கு அலகில் தர வேண்டும் என்பது விதி. அங்கு உணர்வி இல்லாத பலகை விதியை நிறைவேற்ற 3010 என்ற மாறாத எண்ணைத் தந்துவிடுகிறது. 3010இலிருந்து 2732ஐக் கழித்தால் 278, அதாவது 27.8. இல்லாத உணர்வியின் மாறாத எண்ணுக்குத் தசமப் புள்ளி வேறு! விண்டோஸில் இதே இடத்திலிருந்து எண்ணை எடுத்து “செயலி வெப்பநிலை” என்று பெயரிட்டுச் செயல்திட்டமாகச் சமர்ப்பிக்கும் மாணவர்கள் உண்டு. நிரல் பிழையின்றி ஓடுகிறது. ஓடுவது ஒன்று, அளப்பது வேறொன்று.

நிறங்களைப் பற்றியும் ஒரு சொல். ஸ்பீட்ஃபேன் சூடான எண்ணுக்கு அருகே தீச்சுடர் படம் போடும். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத இம்மென்பொருள் எந்தச் செயலிக்கு எது சூடு என்பதை எங்ஙனம் அறியும்? ஒரு செயலிக்கு 70° மிகுதி, இன்னொன்றுக்கு 95° இயல்பு. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசை, நிறைந்த உழைப்பில் 95°யைத் தொட்டு அங்கேயே நின்று இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஏ.எம்.டி. வெளிப்படையாக அறிவித்தது. அதற்குத் தீச்சுடர் போட்டால் பயனாளர் அஞ்சுவார். அஞ்சி என்ன செய்வார் என்பதைக் கடைக்காரர் கதையில் கண்டோம்.

இத்தனை குறை சொன்னதால் உணர்வியே வேண்டாம் என்று கொள்ளலாகாது. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இதழினர் ஒரு சோதனை செய்து படமெடுத்து வெளியிட்டனர். கணிப்பொறி இயங்கிக்கொண்டிருக்கும்பொழுதே செயலியின் மீதுள்ள வெப்பம் கடத்தும் உலோகக் கட்டியைக் கழற்றிவிட்டனர். அன்றைய ஏ.எம்.டி. அத்லான் நொடிகளில் புகைந்து மடிந்தது. இன்டெல் பென்டியம் 4 தன் உணர்வியின் பேச்சைக் கேட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மெதுவாகவேனும் இயங்கிக்கொண்டே இருந்தது. இன்றைய செயலிகள் யாவும் இப்படித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அந்தக் காவலுக்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. நாம் திரையில் பார்த்தாலும் பாராவிட்டாலும் அது நடைபெறும்.

பார்ப்பதால் நேரும் சிறு தொல்லை ஒன்றும் உண்டு. 2019இல் ரைசன் 3000 வெளிவந்தபொழுது, ஓய்வாக இருக்கும் செயலி ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று பலர் குறைப்பட்டனர். உறங்கும் செயலியை அடிக்கடி தட்டி எழுப்பி “உன் வெப்பம் என்ன?” என்று கேட்கும் மென்பொருளே அதைச் சூடாக்குகிறது என்று ஏ.எம்.டி. விளக்கியது. நோயாளியை நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி உறக்கம் வந்ததா என்று கேட்பது போல. ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வெறும் தொந்தரவு.

மற்றொன்று, செயலியின் உள்ளே உள்ள எண்களைப் படிக்க இம்மென்பொருள்கள் இயக்க அமைப்பின் ஆழத்துக்குள் நுழையும் உரிமை பெற்ற ஒரு நிரலை நிறுவிக்கொள்கின்றன. பல இலவச மென்பொருள்கள் பயன்படுத்திய வின்ரிங்0 என்ற அத்தகைய நிரலில் பாதுகாப்புக் குறை இருப்பதால், 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் காவல் மென்பொருள் அதைத் தீங்கானது என்று தடுக்கத் தொடங்கியது. ஓர் எண்ணைப் பார்க்கும் ஆசைக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பது தகுமா என்பதை ஏலம், வங்கி போன்ற பணிகள் நடக்கும் கணிப்பொறிகளிலாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையில் குளிருமா?

போடியில் 70° காட்டும் கணிப்பொறியைப் போடிமெட்டுக்குக் கொண்டு சென்றால் எவ்வளவு காட்டும்? மாணவர்கள் உடனே “குறையும்” என்பர். எவ்வளவு என்று கேட்டால் தயங்குவர். கணக்கிட்டுப் பார்ப்போம். போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலும், போடிமெட்டு 1,400 மீட்டர் அளவிலும் உள்ளன. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் காற்று குளிர்வதால், கீழே 30° இருக்கும்பொழுது மேலே 23° இருக்கும். செயலிக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு 40 டிகிரி அப்படியே நிலைத்தால் மேலே 63° வர வேண்டும். ஆனால் அங்கே காற்றின் அடர்த்தி சுமார் பத்து விழுக்காடு குறைவு. விசிறி நிமிடத்துக்கு அதே கன அளவு காற்றைத் தள்ளினாலும் அதன் நிறை குறைவு. சுமந்து செல்லும் வெப்பமும் குறைவு. ஆகவே வேறுபாடு 40இலிருந்து 42 அல்லது 43 ஆகும். விடை சுமார் 65 அல்லது 66. ஏழு டிகிரி குளிர்ந்த காற்றில் நமக்குக் கிடைக்கும் ஆதாயம் நான்கு அல்லது ஐந்துதான். விசிறியின் இறக்கைகளில் ஒட்டிய தூசி இந்த ஆதாயத்தை முழுவதும் விழுங்கிவிடும்.

திரையில் தெரியும் எண்களில் எது உண்மை என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கணிப்பொறியை இரவு முழுவதும் அணைத்து வைத்திருங்கள். விடியற்காலையில் சுவரில் மாட்டிய சாதாரண வெப்பமானியால் அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, கணிப்பொறியை இயக்கியவுடன் முதல் எண்களைப் பாருங்கள். காற்றால் குளிர்விக்கப்படும் எப்பொருளும் காற்றைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. அறை 24° இருக்க 17° காட்டும் உணர்வி பொய் சொல்கிறது. நெடுநேரம் உறங்கிய பெட்டியில் பலகையின் உணர்வி 24க்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தால் அதை நம்பலாம்.

பிறகு ஒரு கடினமான வேலையைச் செயலிக்குக் கொடுங்கள்; பெரிய கோப்பைச் சுருக்கச் சொன்னாலும் போதும். ஓரிரு நொடிகளில் பத்து இருபது டிகிரி தாவும் எண் சிலிக்கானுக்குள் உள்ள உணர்வியுடையது. சில நிமிடங்களில் மெல்ல ஏறுவது பலகையிலோ உலோகக் கட்டியின் அருகிலோ உள்ள உணர்வி. வேலையை நிறுத்தினால் முதலாவது சட்டென்று இறங்கும், இரண்டாவது தயங்கித் தயங்கி இறங்கும். ஏறவும் இறங்கவும் மறுத்து ஒரே இடத்தில் நிற்பதை அடித்துவிடுங்கள். மென்பொருளில் உள்ள “மிகுதி” என்ற கட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அது ஒரு நொடி தோன்றி மறைந்த உச்சத்தையும் நாள் முழுவதும் பிடித்து வைத்திருக்கும், எந்த நேரத்தில் வந்தது என்றும் சொல்லாது.

எங்கள் மாணவரின் கணிப்பொறியில் இதைச் செய்து பார்த்தோம். ஆறு எண்களில் மூன்று உயிருள்ளவை, இரண்டு அசையாதவை. ஆறாவது அந்த 127. விசிறியை நிறுத்திப் பார்த்தபொழுதும், தூசியை ஊதிய பின்னும் அது 127தான். உயிருள்ள மூன்றில் செயலியின் எண் மட்டும் தூசி நீங்கியபின் ஒன்பது டிகிரி குறைந்தது. செலவு ஒரு சிறு தூரிகைக்கு ஆனதுதான்.